அவன் போட்டான், நானும் போட்டேன்

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயைத் தாண்டித் தருமபுரிக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரிக்குச் சற்று முன்னால் இருக்கிறது அதியமான்கோட்டை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் சாலையும் இந்த ஊரை ஒட்டித்தான் வந்து சேர்கிறது. வடக்கே போகும் சரக்கு லாரி, பெங்களூருக்கு விரையும் ஆம்னி பஸ், தக்காளி ஏற்றிய பிக்கப், காலபைரவர் கோயிலுக்கு வரும் கார், இடையில் புகுந்து போகும் உள்ளூர் மொபெட் என்று இரவில் எல்லாம் இங்கே கலக்கின்றன. கலக்கும்போது ஒன்று தெரியும். கம்பெனி கொடுத்த விளக்கோடு மட்டும் ஓடும் வண்டி குறைந்துகொண்டே வருகிறது. பம்பரில் இரண்டு, கண்ணாடிக்கு மேல் ஒரு பார் லைட், பைக்கின் கிராஷ் கார்டில் கண் சிமிட்டும் இன்னும் இரண்டு.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கம்பெனி லைட்டு பத்தாதுண்ணா. எல்இடி போட்டாத்தான் ராத்திரியில ஓட்ட முடியும். எதிர்ல வர்றவன் டிம் அடிக்கிறதில்ல, நாம மட்டும் ஏமாந்தவனா?" லாரி ஓட்டுநர் முதல் பேராசிரியர் வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். இதில் முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவது, சாலையில் போகும் எல்லோருடைய பார்வையையும் சேர்த்துக் கெடுக்கிற வாதம்.

பாதி உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடம் ஓடிய பைக்கின் ஹெட்லைட் மங்கலாகத்தான் எரிகிறது. ஆனால் அது புதிதாக வந்தபோதும் அப்படித்தான் எரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பிளாஸ்டிக் கண்ணாடி வெயிலில் மஞ்சளித்திருக்கும். உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் தூசியும் ஈரமும் புகுந்து பளபளப்பு இழந்திருக்கும். இவற்றைவிட முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாக மெல்லிய ஒயரில் ஊர்ந்து, துருப்பிடித்த எர்த்தில் முடியும் மின்சாரம் வழியிலேயே வோல்டேஜை இழக்கிறது. ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறைவதோடு நிற்காது, ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ஒரு ரிலே வைத்து, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் அதே பல்ப் வேறு பல்ப் போல எரியும். இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒரு ஜோடி எல்இடியின் விலையில் சிறு பங்கு. ஆனால் எந்தக் கடையிலும் இதை முதலில் சொல்ல மாட்டார்கள். ரிலேயைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்து மின்ன விட்டு விற்க முடியாது, பாருங்கள்.

அடுத்தது, விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்தச் சண்டையும் இங்கேதான் இருக்கிறது. கார் ஹெட்லைட் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு நூற்றுக்கு ஒரு பங்கு கீழே சரியும்படி, அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கும்படி, அமைக்கப்படுகிறது. அப்படியானால் அது 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். எதிரே வருபவரின் கண் அந்த விளிம்புக்கு மேலே, இருட்டில், நிம்மதியாக இருக்கும். இப்போது பின்னால் தக்காளிப் பெட்டியை அடுக்கி வண்டியின் மூக்கை ஒரே ஒரு டிகிரி தூக்குங்கள். சரிந்து போன வெளிச்சம் இப்போது மேல்நோக்கி ஏறும். 60 மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே காரில் வருபவரின் கண் இருக்கும் உயரம் அதுதான். பல்பை மாற்றவில்லை, வாட் கூட்டவில்லை, ஒரு டிகிரி சாய்வு மட்டும்தான். எத்தனையோ வண்டிகளின் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. பாரம் ஏற்றினால் வெளிச்சத்தை இறக்குவதற்காக வைத்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் கம்பெனி விளக்கில் குறை கண்டுபிடிக்கிறார்கள்.

சரியான ஹெட்லைட் என்பது நிறைய வெளிச்சம் தருவது என்று நினைத்துவிட்டோம். வெளிச்சம் எங்கே விழக் கூடாது என்பதைத் தீர்மானிப்பதுதான் அதன் பாதி வேலை. எச்-4 என்கிற ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகத் தட்டு. பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் படாமல் அது மறைக்கிறது, ஏனென்றால் அங்கே பட்டால் வெளிச்சம் மேலே எழுந்து எதிராளியின் முகத்தில் அடிக்கும். இழை இருக்கும் இடம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோலம் கலைந்துவிடும். இந்தப் பல்பைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாகச் சில்லு ஒட்டிய எல்இடி பல்பை அதே ஹோல்டரில் செருகுகிறோம். பல எல்இடி பல்புகளில் சில்லு தடிமனானது, இழை இருந்த இடத்தில் அது இல்லை, தட்டும் பெயரளவுக்குத்தான். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. ஓட்டுபவருக்கு முன்னால் பத்து மீட்டரில் சாலை வெள்ளை வெளேரென்று தெரிகிறது, அவர் காசு கொடுத்தது வீண்போகவில்லை என்று மகிழ்கிறார். எண்பது மீட்டருக்கு அப்பால் முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

ஏன் வழியில்லை? கண் அருகில் இருக்கும் பிரகாசத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பக்கத்துத் தார்ச்சாலை எவ்வளவு மின்னுகிறதோ, தூரத்து இருட்டு அவ்வளவு கறுக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி என்றால் 33 மீட்டர் அதிலேயே போய்விடும். வண்டி நிற்க இன்னும் 40 மீட்டர். ஆக, உயிர் காக்கும் வெளிச்சம் 70 மீட்டருக்கு அப்பால் விழுவதுதான். பானெட்டுக்கு முன்னால் விழும் வெள்ளைப் பாய் ஓட்டுபவரின் துணிச்சலை மட்டும் கூட்டுகிறது, வேகமும் கூடவே ஏறுகிறது.

பெட்டியில் அச்சிட்ட 'லூமென்' கணக்கும் இதே வகைதான். எச்-4 பல்பின் டிம் இழை ஏறக்குறைய 1000 லூமென்தான் தருகிறது. உலகம் முழுக்க வண்டிகள் பல பத்தாண்டுகளாக அதில்தான் ஓடின. பக்கத்தில் அடுக்கியிருக்கும் எல்இடி பெட்டியில் இருபதாயிரம் என்று போட்டிருக்கும். அந்த எண் உண்மையாகவே இருந்தாலும், மொத்த வெளிச்சத்தின் அளவை மட்டுமே அது சொல்லும். அந்த வெளிச்சம் சாலைக்குப் போகிறதா, புளியமரத்துக்குப் போகிறதா என்று சொல்லாது. இரண்டு மடங்கு தூரத்தில் அதே தெளிவு வேண்டுமானால் அந்தத் திசையில் நான்கு மடங்கு செறிவு வேண்டும். அதைத் தருவது லென்ஸும் பிரதிபலிப்பானும்.

விளக்குத் தொழில்நுட்பத்தில் இன்று விலை உயர்ந்தது எது என்று பார்த்தாலும் இதுவே தெரியும். 2013இல் ஆடி ஏ8 காரில் மேட்ரிக்ஸ் எல்இடி ஹெட்லைட் வந்தது. எதிரே வண்டி வந்தால் கேமரா பார்த்து, அந்த வண்டி இருக்கும் துண்டில் மட்டும் வெளிச்சத்தை அணைத்துவிடும், மற்ற இடமெல்லாம் பிரைட்டிலேயே இருக்கும். இந்த வகை விளக்கை அமெரிக்கா தன் சாலைகளில் அனுமதித்ததே 2022இல்தான். கோடிக்கணக்கில் செலவழித்துப் பொறியாளர்கள் கற்றுக்கொள்வது வெளிச்சத்தை எப்படி மறைப்பது என்பதை. நாமோ மறைப்பைக் கழற்றி எறிவதற்குக் கடையில் காசு கொடுக்கிறோம்.

பனிக்கு மஞ்சள் என்பது இன்னொரு வேதவாக்கு. மார்கழி, தை விடியற்காலையில் தருமபுரிப் பக்கம் பனி இறங்கும்போது இந்தப் பேச்சு சூடு பிடிக்கும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளியின் அளவு ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் நீலமோ மஞ்சளோ, எல்லா நிறத்தையும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பிரான்ஸ் நாடு முழுக்க மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கிப் பல பத்தாண்டுகள் வைத்திருந்து, 1993இல் கைவிட்டது. மஞ்சளில் ஒரே நன்மை உண்டு, 6000 கெல்வின் நீல வெள்ளையைப் போல அது கண்ணைக் குத்தாது. பனியில் உதவுவது நிறத்தைக் காட்டிலும் இடம். விளக்கு தாழ இருக்க வேண்டும், கோலம் அகலமாக இருக்க வேண்டும், மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்க வேண்டும். உச்சியில் பார் லைட்டை மஞ்சள் நிறத்தில் மாட்டினால் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் சுவர்தான் எழும்.

இனி அந்த மூன்றாவது வாக்கியம். "அவன் டிம் அடிக்கலை, நான் ஏன் அடிக்கணும்?" இதைச் சொல்பவர்கள் கோபத்தில் சொல்வதில்லை, நியாயமாகவே நினைத்துச் சொல்கிறார்கள். அதனால்தான் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிரே வருபவர் உங்களைக் குருடாக்கினார். பதிலுக்கு நீங்கள் அவரைக் குருடாக்கினீர்கள். இப்போது ஒன்றை ஒன்று நோக்கி விநாடிக்கு 44 மீட்டர் வேகத்தில் நெருங்கும் இரண்டு வண்டிகளையும் கண் தெரியாத இருவர் ஓட்டுகிறார்கள். உங்கள் எல்இடி அவர் விளக்கை மங்கலாக்கிவிடவில்லை, அவர் கையை ஸ்டியரிங்கில் தடுமாற வைத்திருக்கிறது. அந்தத் தடுமாற்றம் எந்தப் பக்கம் திரும்பும்? உங்கள் பக்கமும் திரும்பலாம். கூச்சத்திலிருந்து கண் மீளச் சில விநாடிகள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். அந்த ஒவ்வொரு விநாடிக்கும் 22 மீட்டர்.

நான்குவழிச் சாலையில் இந்தத் தொல்லை இல்லையே, நடுவில் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். நடுத்தடுப்பில் அரளிச் செடியை வரிசையாக நட்டிருப்பதற்கு ஒரு காரணமே எதிர்வரிசை ஹெட்லைட்டை மறைப்பதுதான். சாதாரண உயரத்தில் இருக்கும் ஹெட்லைட்டுக்கு அந்தச் செடி போதும். கேபின் உச்சியில் மாட்டிய விளக்கு அரளிக்கு மேலாகவே எட்டிப் பார்க்கிறது. செடி பட்டுப்போன இடம், தடுப்பில் வழி விட்ட இடம், எதிர்த்திசையில் வண்டிகள் ஊர்ந்து வரும் சர்வீஸ் ரோடு, இவற்றைச் சொல்லவே வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முகத்தில் அடிப்பதற்கு நடுத்தடுப்பு என்ன செய்யும்?

அதியமான்கோட்டையில் இந்த விவாதத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, வண்டியே ஓட்டாதவர்களின் பக்கம். தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவரைக் கும்பிடவும் பூசணியில் விளக்கேற்றவும் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கூட்டம் வருகிறது. தேய்பிறை அஷ்டமியில் நிலவு எழவே நள்ளிரவு ஆகிவிடும். ஆகவே மாதத்தில் இந்த ஊரில் கூட்டம் அதிகமாக நடமாடும் மாலையே நிலவில்லாத மாலை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் பிரைட்டில் வரும்போது நடுவில் சாலையைக் கடக்கும் மனிதர் இரண்டு ஓட்டுநர்களுக்கும் தெரியாமல் போவதுண்டு. அவர் மேல் விழும் வெளிச்சமும் அவருக்குப் பின்னால் இருந்து வரும் வெளிச்சமும் ஒன்றையொன்று சரிக்கட்டி, உருவம் கரைந்துவிடும். நடப்பவரோ அவ்வளவு வெளிச்சத்தில் தன்னைப் பார்க்காமலா போவார்கள் என்று நம்பிக் கால் எடுத்து வைப்பார். விளக்கு கூடக் கூட அந்த நம்பிக்கையும் கூடுகிறது, தெரிவது குறைகிறது.

தொப்பூரைச் சொல்லி என்னை மடக்குபவர்கள் உண்டு. அந்தக் கணவாயில் இரவில் இறங்கிப் பார், அப்புறம் பேசு என்று. தொப்பூர் இறக்கத்தில் உயிர்கள் போவது சரிவாலும், பிரேக் பிடிக்காமல் போவதாலும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதாலும். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலம் அருகே லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து நான்கு பேர் இறந்தது பகலில். அதற்கு எந்த எல்இடி மருந்து?

இருட்டில் உண்மையிலேயே ஆபத்தான ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு எரிவதில்லை, ஓரத்தில் பஞ்சராகி நிற்கும் லாரிக்குக் கல்லும் மரக்கிளையும்தான் எச்சரிக்கை. இதற்குப் பயந்துதான் பலர் வெளிச்சம் கூட்டுகிறார்கள். ஆனால் ஒட்டும் பிரதிபலிப்புப் பட்டை ஒன்று டிரெய்லரின் முதுகில் இருந்தால் சாதாரண டிம் வெளிச்சத்திலேயே நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து மின்னும். அந்தப் பட்டையை ஒட்ட வைப்பது ஆயிரம் கார்களில் பார் லைட் மாட்டுவதைவிட மலிவு. மாட்டுகிறவர்கள் ஒன்றுகூடி இதைக் கேட்டதாக நான் அறியேன்.

சட்டத்தைப் பற்றி, "அது வசூலுக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்துப் படித்தால், வசூல் புத்தி இல்லை, வடிவியல் இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்கிறது 106ஆம் விதி. எதிரே வரும் ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு எழுதிய விதி அது. ஸ்பாட் லைட்டும் தேடுவிளக்கும், விதிவிலக்கான சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் முன்புறம் மாட்டக் கூடாது என்கிறது 111. வண்டியைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்புக்கு முரணாக மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான்கு விளக்கு என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். விளக்குகளைத் தாங்க மாட்டும் இரும்புக் குழாய் பம்பருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சட்டம் சரி, அமலாக்கம்தான் வேடிக்கை. ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் முகாம்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கோ சாய்ந்திருக்கும் விளக்கில் பொட்டு வைத்தால் மேலே போகும் வெளிச்சம் கொஞ்சம் குறையலாம், சாய்வு அப்படியே இருக்கும். சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்து ஒரு ஸ்குரூவைத் திருகுவதற்கு ஐந்து நிமிடம் போதும். தகுதிச் சான்று எடுக்கப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் அதைச் செய்தால் பொட்டுக்கு வேலையில்லை.

கூடுதல் விளக்கே கூடாது என்பது என் கட்சி இல்லை. உங்கள் காரின் உயர்ந்த மாடலில் கம்பெனியே பனிவிளக்கு கொடுக்கிறது, உங்கள் மாடலில் அந்த இடம் மூடியிருக்கிறது என்றால், அதே கம்பெனியின் விளக்கை அங்கே மாட்டுவதில் நியாயம் உண்டு. அது தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஹெட்லைட்டின் டிம் விளக்கைவிட மேலேயும் இருக்கக் கூடாது. தனி ஸ்விட்ச் வேண்டும். தூர வெளிச்சத்துக்கென்று அனுமதி பெற்று ஒன்றை மாட்டினால் அதன் ரிலேயைப் பிரைட் ஒயரிலிருந்துதான் தூண்ட வேண்டும், டிம் அடித்த கணமே அதுவும் அணைய வேண்டும். தனி ஸ்விட்சில் மட்டும் விட்டால் அவசரத்தில் அதை அணைக்கும் கை எவருக்கும் இல்லை. ஒயரிங்கில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும், அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளக்குப் பக்கம் ஃபியூஸை வைத்துவிட்டு நடுவில் ஒயர் பாடியில் உராய்ந்தால் எரியப்போவது ஃபியூஸ் இல்லை, வண்டி. ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வேலையைச் செய்யும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். லாரிக்கு 24 வோல்ட் என்பதை மறந்து கார் விளக்கை மாட்டிப் புகைய விட்டவர்களும் உண்டு. பைக்கில் மினுக்கும் வெள்ளை, சிவப்பு, நீல விளக்குகளைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

"எல்லோரும் கழற்றட்டும், அப்புறம் நான் கழற்றுகிறேன்" என்பதுதான் கடைசி எதிர்வாதம். கழற்றச் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன, அவற்றுக்கு அடுத்தவர் சம்மதம் தேவையில்லை. ஹெட்லைட் கண்ணாடியைத் துடையுங்கள், மஞ்சளித்திருந்தால் பாலீஷ் போடுங்கள். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள், பாதிக் கூச்சம் அங்கே படியும் புகைப்படலத்தில்தான் பிறக்கிறது. ரிலே வைத்து எர்த்தைச் சரி செய்யுங்கள். பாரத்தோடு ஒரு முறை, பாரம் இல்லாமல் ஒரு முறை சுவரில் அடித்துச் சாய்வைப் பாருங்கள். டிம்மில் ஓட்டும்போது வேகத்தை அறுபதுக்குக் கொண்டு வாருங்கள், நிற்கத் தேவையான தூரம் ஐம்பது மீட்டருக்குள் வந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் அதியமான்கோட்டைச் சாலை இருட்டாகத்தான் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், அவரோடு உட்கார்ந்து எந்த விளக்கு, எந்த உயரம், எந்தக் கோணம் என்று பேச நான் தயார். இதுவரை என்னோடு வாதாட வந்தவர்கள் யாரும் ரிலேக்குக்கூடப் போகவில்லை, நேராக இருபதாயிரம் லூமெனில்தான் தொடங்கினார்கள்.